அக்காவின் பாஸ்போர்ட்டில் ஒரு பொட்டு

கப்பலைப் பற்றிக் கேட்பவர்களிடம் சொல்ல எனக்கு அதிகமில்லை. பெரிதாக இருந்தது, வேளாவேளைக்குச் சோறு போட்டார்கள், நாலு பக்கமும் தண்ணீர். ஆனால் கப்பல் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் ஜொகூரில் இருந்தோமே, அந்தக் கதை வேறு. உட்கார்ந்து கேட்க நேரமிருந்தால் சொல்கிறேன்.

திட்டம் போட்டவர் என் கணவர் முரளி. மின்வாரியத்தில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு மின்தடைக்கு நேரம் குறிக்க வழியில்லாமல், அந்தத் திறமையை எங்கள் மேல் காட்ட ஆரம்பித்தார். "கப்பல் சிங்கப்பூர்ல கிளம்புது. அன்னைக்கே போய் இறங்கி அவதி அவதின்னு ஓடக் கூடாது. பக்கத்து ஊர்ல தங்கி, காலை நீட்டித் தூங்கி, அப்புறம்தான் ஏறணும். திரும்பி வந்தாலும் அதே மாதிரி" என்றார். அந்தப் பக்கத்து ஊர்தான் ஜொகூர் பாரு. தண்ணீருக்கு இந்தக் கரையில் மலேசியா, அந்தக் கரையில் சிங்கப்பூர், நடுவில் ஒரு பாலம்.

போனது மூன்று பேர். நான், அவர், என் அக்கா சரோஜா. அக்கா திண்டுக்கல்லில் நகராட்சிப் பள்ளித் தையல் டீச்சராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கையில் இருந்த கத்தரிக்கோலை ஓய்வு பெற்ற அன்று பள்ளியிலேயே வைத்துவிட்டு வந்தாள், வாயில் இருப்பதை இன்னும் வைத்திருக்கிறாள். அறுபதைத் தாண்டி இப்போதுதான் முதல் பாஸ்போர்ட். அதிலிருக்கும் படத்தில் தான் நன்றாக விழுந்திருப்பதாக அவளுக்கு ஒரு பெருமை. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரியிடம்கூடக் காட்டினாள்.

ஜொகூர் பாருவுக்கு வடக்கே குளுவாங்கில் எங்களுக்கு ஒரு தம்பி உண்டு, சித்தப்பா மகன் பாலா. சித்தப்பா சின்ன வயதில் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். பாலா பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம் ஏற்றும் லாரி ஓட்டுகிறான். நாங்கள் ஜொகூர் பாருவில் அடுக்குமாடி வீடு ஒன்றை எடுத்துத் தங்கப்போகிறோம் என்றதும் போனிலேயே சண்டைக்கு வந்தான். "வீடு இருக்கறப்ப எதுக்குக்கா வாடகை வீடு? ஆளுங்க என்னையத்தான் கேப்பாங்க லா!" எதற்கும் வாலில் ஒரு 'லா' போடுவது அந்த ஊர்ப் பேச்சு. கடைசியில் ஒரு சமாதானம் ஆயிற்று. முதல் இரவு குளுவாங்கில் அவன் வீடு. அதன்பிறகு அவனும் மனைவி ஸ்டெல்லாவும் லீவு போட்டு எங்களோடு ஜொகூர் பாருவுக்கு வந்து தங்குவார்கள். நாங்கள் விருந்தாளியாக இருக்க மாட்டோம் என்றால் அவர்கள் எங்களுக்கு விருந்தாளியாக வந்துவிடுவார்கள், அதுதான் ஏற்பாடு.

குளுவாங்கில் காலை எழுந்ததும் ரயில்நிலையத்துக் கடைக்கு அழைத்துப் போனான். கோப்பி கறுப்பாக, கெட்டியாக இருந்தது. கரியில் வாட்டிய ரொட்டிக்கு நடுவே காயா என்று தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த ஒரு இனிப்பைத் தடவித் தந்தார்கள். முரளி மூன்று தட்டு சாப்பிட்டார். "நம்ம ஊர் ஸ்டேஷன்லயும்தான் கடை இருக்கு. ரயிலே வரலேன்னாலும் பரவாயில்லேன்னு உக்காந்து சாப்பிட முடியுமா?" என்று கேட்டார். எங்கள் ஊர் ஸ்டேஷன் வடையை நினைத்துப் பார்த்து நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஸ்டெல்லா பக்கத்தில் லாயாங் லாயாங் என்ற ஊர்ப் பெண், கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் வீட்டில் ஒரே பலகையில் முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் ஒரே விளக்கு. பாலாவுக்குப் பொட்டு வைக்கும் பழக்கம் முற்றிப்போயிருந்தது. லாரிக்கு வைப்பது எல்லோரும் செய்வதுதான். இவன் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி., சோறு வேகவைக்கும் மின்சாரப் பானை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தனம், மேலே குங்குமம்.

கிளம்பும்போது, "பாஸ்போர்ட்டைக் குடுங்கக்கா. சாமிகிட்ட வச்சு எடுத்துருவோம். கடல்ல போறீங்க" என்றான். நாம் செய்யாததா? பரீட்சை ஹால் டிக்கெட்டை வைத்திருக்கிறோம், வீட்டுப் பத்திரத்தை வைத்திருக்கிறோம். கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவித்தான் கொடுக்கிறோம். மூன்றையும் நீட்டிவிட்டு நான் பெட்டியைப் பூட்டப் போனேன்.

அன்று மாலை ஜொகூர் பாரு. எங்கள் வீடு பதினோராவது மாடியில் இருந்தது. பால்கனியில் நின்றால் ஜலசந்தி, அதற்கு அப்பால் சிங்கப்பூர்க் கட்டடங்கள். பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. வேலைக்கு அந்தப் பக்கம் போனவர்கள் திரும்புகிறார்களாம், தினமும் இதே கூத்தாம். கீழே தெருவோரத்தில் பீசாங் கோரேங் வாங்கினோம், நம் வாழைப்பழ பஜ்ஜிதான். ஆனால் அந்த ஊரில் அதை மிளகாயும் சோயாவும் அரைத்த கறுப்புச் சட்னியில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். "பழத்துக்குப் போய் மிளகாயா?" என்று முகத்தைச் சுளித்த அக்கா, முரளி பங்கையும் சேர்த்துத் தின்றாள்.

மறுநாள் காலை அவள் போட்ட சத்தத்தில் நான் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்தேன். கட்டிலில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டை விரித்து வைத்திருந்தாள். படம் ஒட்டிய பக்கத்தின் கீழ் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் மேலே ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டுக்குள் இறங்கி, இயந்திரம் படிக்கும் அந்த எழுத்து வரிசையின் மேல் படர்ந்திருந்தது. எதிர்ப்பக்கத்தில் ரூபாய் நாணயம் அளவில் சிவப்பாக ஒரு வட்டம். ஏதோ ஒரு நாட்டு முத்திரை மாதிரியே இருந்தது.

நடந்தது இதுதான். எங்கள் இரண்டு பேர் பாஸ்போர்ட்டுகளும் மூடியிருந்தன, அட்டையில் வைத்த பொட்டைத் துடைத்தால் போயிற்று. அக்காவுடையதை ஸ்டெல்லா படம் பார்த்துவிட்டு விரித்தபடியே பலகையில் வைத்திருக்கிறாள். பாலா பத்திரிகைக்கு வைப்பது போல விரிந்த பக்கத்தின் மூலையில் வைத்து, நன்றாக அழுத்தி மூடி, பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்துவிட்டான்.

"அலமாக்!" என்றான் பாலா. அந்த ஊர் 'ஐயையோ' அது. தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னாலதான் அண்ணே, நான்தான் தொறந்து வச்சேன்" என்று ஸ்டெல்லா முரளியைப் பார்த்து அழுதாள். முரளி பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதை மெஷின் படிக்காது. திருத்தின பாஸ்போர்ட்டுன்னு நெனைச்சாங்கன்னா உள்ளேயே விட மாட்டாங்க" என்றார். கோலாலம்பூரில் நம் தூதரகத்துக்குப் போன் போட்டோம், விடுமுறை. கப்பல் நாளைக்கு.

நான் நெயில்பாலிஷ் அழிக்கும் மருந்தை எடுத்து வந்தேன். அக்கா பாஸ்போர்ட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். "கறை பட்டா தேய்க்கக் கூடாதுடி, பரவும். ஒண்ணாங் கிளாஸ் புள்ளைக்குத் தெரியும்." எதிர்ப்பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று நான் மெதுவாகக் கேட்டதற்கு ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு நான் யோசனையே சொல்லவில்லை.

கவலை இருந்தால் பசிக்காது என்பதெல்லாம் சும்மா. மதியம் ஐந்து பேரும் லக்சா சாப்பிடப் போனோம். ஜொகூர் லக்சாவை இத்தாலிக்காரன் நூடுல்ஸில் செய்கிறார்கள், மேலே மீனும் தேங்காயும் போட்ட குழம்பு. பக்கத்து மேசை மலாய்க்காரர், கையால் சாப்பிடுவதுதான் முறை என்று சொன்னதாக ஸ்டெல்லா மொழிபெயர்த்தாள். அக்கா முள்கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டுப் பிசைந்தாள். அந்த மனிதர் சந்தோஷமாகத் தலையாட்டினார். பாலா மட்டும் தட்டைத் தொடவில்லை.

அப்போதுதான் முரளி தொண்டையைச் செருமினார். "எதுக்கும் யோசிச்சு வச்சுக்குவோம். ஒருவேளை அக்காவை விடலேன்னா, பாலா கூட வந்து திருப்பிக் கூட்டிட்டு வந்துரட்டும். நாம ரெண்டு பேரும் போயிட்டு வந்துருவோம். எல்லாருமே போகாம இருந்து என்ன லாபம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள், "அதுக்கென்ன மாப்பிள்ளை? நீங்க போயிட்டு வாங்க. நான் இருக்கேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் தட்டைத் தள்ளிவைத்தேன். எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் காதில் விழுவது அதுதான். கொடைக்கானலுக்கு எல்லோரும் போனபோது அம்மாவுக்கு முட்டிவலி, அக்கா இருந்தாள். எங்கள் கூடப்பிறந்த தம்பி கல்யாணம் சென்னையில், வீட்டில் மாடு ஈனும் நேரம், அக்கா இருந்தாள். என் மகன் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கியபோது யாரோ வெள்ளையடிக்க வருவதாக இருந்தது, அதற்கும் அவள்தான். யாரும் போகாதே என்று சொன்னதில்லை. அவளும் வர மாட்டேன் என்றதில்லை. எப்படியோ அவள் மட்டும் நின்றுவிடுவாள். இந்தப் பயணத்துக்கு நான் அவளைக் கிளப்பியதே அதற்காகத்தான்.

"அவ வரலேன்னா நானும் வரலை. நீங்க தனியா போய்க் கப்பல்ல டான்ஸ் பாருங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மலாய்க்காரர் திரும்பிப் பார்த்தார். சாயங்காலம்வரை எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

கப்பல் நாள். விடியும் முன்பே பாலத்தை நோக்கி மோட்டார் சைக்கிள்கள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. பாலா தன் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டான். "நானும் அந்தப் பக்கம் வரேங்கா. ஆபீசர் கேட்டா, நான்தான் செஞ்சேன், என்னையப் புடிங்கன்னு சொல்றேன்." ஸ்டெல்லா ஜெபமாலையோடு பாஸ்போர்ட் சோதிக்கும் குடிநுழைவுக் கட்டடத்தின் வாசல்வரை வந்தாள்.

முதலில் மலேசியாவை விட்டு வெளியே போக வேண்டும். கவுண்டரில் முக்காடு போட்ட பெண் அதிகாரி பக்கத்தைப் புரட்டியவள் நிமிர்ந்து, "இது என்ன?" என்று சைகையில் கேட்டாள். அக்கா தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினாள், பிறகு பாஸ்போர்ட்டைக் காட்டினாள், பிறகு இரண்டு கையையும் கூப்பினாள். அந்தப் பெண் சிரித்தாள். "சாமி கும்பிட்டதா?" என்று மலாயில் கேட்டதாக, பின்னால் நின்ற யாரோ சொன்னார். முத்திரை விழுந்தது. பாதி உயிர் வந்தது.

மீதி உயிர் பாலத்தில் மாட்டிக்கொண்டது. பேருந்து நகர மறுத்தது. கொஞ்ச தூரம் போகும், நிற்கும். பெட்டிகளைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றோம். முரளி கடிகாரத்தைப் பார்ப்பார், கடலைப் பார்ப்பார். யாரோ ஒரு பையன் அக்காவுக்கு இடம் கொடுத்தான். உட்கார்ந்ததும் அவனிடமும் ஊர் பேர் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். பயம் என்பது அவள் முகத்தில் இல்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. எழுந்து இறங்கும்போதுதான் கவனித்தேன், முந்தானையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கி வைத்திருந்தாள்.

சிங்கப்பூர்ப் பக்கம் மலேசியர்களுக்குத் தனி வழி. என்னைப் பிடியுங்கள் என்று சொல்ல வந்த பாலா, தானாகத் திறக்கும் கதவில் பாஸ்போர்ட்டை வைத்தான். கதவு திறந்தது, மூடியது. கண்மூடித் திறப்பதற்குள் அவன் அந்தப் பக்கம். திரும்பி வர வழியில்லை. கண்ணாடிக்கு அப்பால் நின்று கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னான். ஒரு காவலர் அவனை நகரச் சொன்னார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவை முன்னால் விட்டோம். இயந்திரம் கீச்சென்றது. அதிகாரி மறுபடி வைத்தார், மறுபடி கீச். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அந்த இன்னொருவர் பாஸ்போர்ட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அக்காவை ஓரத்தில் இருந்த அறைக்கு அழைத்துப் போனார். போகும்போது அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்து, "நீங்க போங்க, கப்பல் போயிரும்" என்றாள்.

அடுத்து முரளிதான். அதிகாரி கை காட்டிக் கூப்பிட்டார். முரளி அசையவில்லை. பின்னால் இருந்தவரை முன்னால் போகச் சொன்னார். அதிகாரி மறுபடி கூப்பிட்டார். முரளி அறைக் கதவைக் காட்டித் தன் ஆங்கிலத்தில், "மை சிஸ்டர். வீ ஆர் ஒன் ஃபேமிலி. வீ வெயிட்" என்றார். வரிசையை விட்டு விலகிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"கப்பல்?" என்றேன்.

"போனா போகுது. மூணு பேருக்குத்தானே போட்டேன் திட்டம்" என்றார் என்னைப் பார்க்காமல்.

இத்தனை வருஷத்தில் அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த நேரத்தில்தான். பையிலிருந்த முறுக்கை எடுத்துக் கொடுத்தேன், மென்றுகொண்டே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தபோது அக்கா முன்னால் வந்தாள், பின்னால் ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி சிரித்துக்கொண்டே வந்தாள். உள்ளே நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரியும். அதிகாரி இந்தப் பெண்ணை அழைத்து விசாரிக்கச் சொன்னாராம். "யாரும்மா இதுல முத்திரை குத்தினது?" என்று அவள் கேட்க, "எங்க சித்தப்பா மகன்தான். லாரிக்கு வைக்கறாப்புல எனக்கும் வச்சுட்டான். எனக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியலை அவனுக்கு" என்றாளாம் அக்கா. கைரேகை எடுத்து, பாஸ்போர்ட் எண்ணைக் கையாலேயே அடித்து, விசாவோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஊருக்குப் போனதும் வேறு பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"நீங்க ஏன் இன்னும் இங்கயே நிக்கறீங்க?" என்று அக்கா கேட்டாள். முரளி வாயில் முறுக்கு இருந்ததால் பதில் சொல்லவில்லை. அந்தப் பக்கம் போனதும் பாலா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். போகிற வருகிற ஆள்களெல்லாம் பார்த்தார்கள். "விடுடா, சேலை கசங்குது" என்றாள்.

கப்பலுக்குக் கடைசி ஆள்களாகப் போய்ச் சேர்ந்தோம். அதில் என்ன பார்த்தோம் என்பதை முன்பே சொல்லிவிட்டேன். அக்கா முக்கால்வாசி நேரம் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எவ்வளவு தண்ணி!" என்று என்னிடமும் முரளியிடமும் தனித்தனியாகச் சொன்னாள்.

திரும்பி வந்தபோது பாலத்தின் இரண்டு முனையிலும் பொட்டுப் பட்ட பக்கத்தைப் புரட்டினார்கள், ஏதோ கேட்டார்கள், விட்டுவிட்டார்கள். ஜொகூர் பாருவில் கால் வைத்ததும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. ஸ்டெல்லா அதே அடுக்குமாடி வீட்டில் நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் பாயை விரித்துப் போட்டுத் தூங்கினோம். முரளி சொன்ன அந்தக் காலை நீட்டித் தூங்குவது அன்றுதான் நடந்தது.

கடைசி நாள் சாயங்காலம். மறுநாள் அதிகாலையில் கிளம்ப வேண்டும். "பாசார் மாலாம் போலாமா? இன்னைக்கு நம்ம பக்கத்துத் தெருவுலதான் போடறாங்க" என்றாள் ஸ்டெல்லா. அது இரவுச் சந்தை, சாப்பிடவும் வாங்கவும் நூறு கடை இருக்குமாம். எல்லோரும் செருப்பை மாட்டினோம். அப்போது போன் வந்தது. வீட்டுக்காரர் வீட்டைப் பார்த்துக் கணக்கை முடிக்க இப்போதே வருகிறாராம், மறுநாள் காலை அவருக்கு முடியாதாம். யாராவது ஒருவர் இருக்க வேண்டும்.

என் தலையும் முரளி தலையும் தானாக அக்கா பக்கம் திரும்பின. இவ்வளவு நடந்த பிறகும் திரும்பின. எனக்கே வெட்கமாக இருந்தது.

அக்கா குனிந்து செருப்பின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? நான் போறேன். நீங்க யாராவது இருங்க" என்றாள். "ஸ்டெல்லா, வாம்மா." கதவைத் திறந்துகொண்டு லிஃப்டைப் பார்த்து நடந்தாள். ஸ்டெல்லா அவள் பின்னால் ஓடினாள். பாலா என்னைப் பார்த்தான். "ஓடுடா, பின்னாடியே போ" என்று நான் அவனைத் தள்ளிவிட்டேன். முரளியையும் அனுப்பினேன்.

தனியாக இருந்தேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன், பெட்டிகளைக் கட்டினேன். வீட்டுக்காரர் வந்தார், வயதான சீனர். ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். காலி வீட்டில் நான் மட்டும் நிற்பதைப் பார்த்து, மற்றவர்கள் எங்கே என்று கேட்டார்.

"அக்கா ஊர் சுத்தப் போயிருக்காங்க" என்றேன் தமிழிலேயே. அவருக்குப் புரிந்திருக்காது. என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதனால் இன்னொரு முறையும் சொன்னேன்.